மெழுகுவத்தி ஏற்றினால் வீடெல்லாம் கரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் வீட்டுச் சமையலறையிலேயே மெழுகுவத்தி ஊற்றி, தெரிந்தவர்களுக்கும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் ஏழு வருஷமாக விற்கிறேன். வாங்கிப் போனவர்களிடமிருந்து வரும் போன் பெரும்பாலும் இரண்டு வகை. "வாசனை நல்லா இருக்கு" என்பது ஒன்று, "கரி விடுதே" என்பது இன்னொன்று. இரண்டாவது வகைக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன். என்னிடம் வாங்கியதோ, மளிகைக் கடையில் வாங்கியதோ, எதுவானாலும் பொருந்தும்.

மெழுகுவத்தின்னா கரி விடத்தானே செய்யும்? அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?

கரி உண்டாகத்தான் செய்யும். ஆனால் அது சுடரை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமில்லை. உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. சூட்டில் அது ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். எரியும்போது சுடருக்குள்ளேயே கரித்துகள்கள் உண்டாகித் தகதகவென்று ஒளிர்கின்றன. மெழுகுவத்தியின் மஞ்சள் வெளிச்சமே அந்தக் கரிதான். சுடரின் ஓரத்துக்கு வந்ததும் ஆக்சிஜன் பட்டு அது எரிந்து தீர்ந்துவிட்டால் நமக்கு வெளிச்சம் மட்டும் கிடைக்கும். தீருவதற்குள் தப்பித்துவிட்டால் சுவரில் கரி.

எங்கள் பாட்டி கண்மை பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விளக்கெண்ணெய் ஊற்றி அகலை ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே ஒரு பித்தளைத் தட்டைச் சுடரின் நுனி தொடும்படி கவிழ்த்துவிடுவார். குளிர்ந்த தட்டு பட்டதும், எரிந்துகொண்டிருந்த கரி பாதியிலேயே அணைந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சுரண்டினால் ஒரு சிட்டிகை மை தேறும். சுடரைக் குளிரவைத்தால் கரி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் போலவே சுடரை ஆட்டினாலும் வரும், தேவைக்கு மேல் மெழுகை ஊட்டினாலும் வரும், காற்றை அடைத்தாலும் வரும். நமக்கு மை தேவையில்லை என்பதால் இவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

திரியை வெட்டணும்னு சொல்றீங்க. எவ்வளவு? எதால?

6 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். ஸ்கேல் தேட வேண்டாம்: மெழுகுக்கு மேலே ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் திரி நின்றால் போதும். இதற்கென்று வளைந்த கத்தரிக்கோல் விற்கிறார்கள். நான் பழைய நகவெட்டி ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஜாடிக்குள் கை நுழைய வசதியாக இருக்கிறது, வெட்டிய துண்டும் அதிலேயே சிக்கி வெளியே வந்துவிடும். அந்தத் துண்டை உள்ளே விழவிடாதீர்கள். மெழுகில் கிடந்து அது இன்னொரு திரி மாதிரி எரிய ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும், மெழுகு ஆறி இறுகியிருக்கும்போது வெட்டுங்கள். நீளமான திரி ஒரே நேரத்தில் நிறைய மெழுகை இழுக்கும். சுடர் உயரமாகி நுனி பிளந்து ஆடும். அந்த நுனியிலிருந்துதான் கறுப்பு நூல் போலப் புகை கிளம்பும். எரிந்து முடிந்த திரியின் தலையில் காளான் போல ஒரு கறுப்பு உருண்டை இருந்தால், போன முறை திரி அதிகமாகத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். உருண்டையோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் எரியவிடவும் வேண்டாம். அணைத்து, ஆறவைத்து, வெட்டி, மறுபடி ஏற்றலாம்.

எனக்கு வரும் போன்களில் பத்தில் ஏழு இந்த ஒரு பதிலோடு முடிந்துவிடும்.

எங்க பாட்டி காலத்துல யாரு திரியை வெட்டினாங்க? இதெல்லாம் புதுசா கிளப்பி விடறது.

திரியை மறந்துவிட்டு உட்காருகிற பழக்கம்தான் புதுசு. குத்துவிளக்கில் திரியை இழுத்துவிடுவது, கருகிய நுனியைக் கிள்ளிவிடுவது, சாயங்காலம் முழுக்க யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 'தூண்டுகோல்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே. தூண்டாமலே எரிவது அபூர்வம் என்பதால்தான் 'தூண்டா விளக்கு' என்று தனியாக ஒரு பெயர்.

மெழுகுவத்தியிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. முறுக்கிய நூல்திரி எரிய எரிய நீண்டுகொண்டே போகும், அடிக்கடி வெட்டாவிட்டால் புகையும். 1820களில் பிரான்சில் பின்னல் திரி வந்தது. எரியும்போது அதன் நுனி ஒரு பக்கம் வளைந்து, சுடரின் சூடான ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகிவிடும். அந்த வசதி நம்மைச் சோம்பேறியாக்கிவிட்டது. பருமனான ஜாடி மெழுகுவத்தியில் பின்னல் திரியும் முழுசாகக் கைகொடுப்பதில்லை.

சரி, திரியை வெட்டிட்டேன். ஆனா ஃபேன் இல்லாம சென்னையில எப்படிங்க உட்கார்றது?

இதுதான் நம் ஊருக்கே உரிய சிக்கல். திரி எவ்வளவு சரியாக இருந்தாலும் மேலே ஃபேன் சுற்றினால் சுடர் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சுடரின் ஒரு பக்கம் குளிர்ந்து கொஞ்சம் கரியைத் துப்பும். பாட்டியின் தட்டு செய்த வேலையைக் காற்று செய்கிறது. ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. மே மாதத்தில் நானே கேட்க மாட்டேன்.

எனவே இடத்தை மாற்றுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே உள்ள டீப்பாய்தான் எல்லோரும் வைக்கும் இடம். அதுதான் மோசமான இடமும்கூட. அறையின் மூலையில், முழங்கால் உயர ஸ்டூலில் வைத்துப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஜன்னலுக்கும் வாசல் கதவுக்கும் நடுவே உள்ள நேர்க்கோட்டிலும் வேண்டாம். சுடர் நிமிர்ந்து, துளி வடிவத்தில், ஆடாமல் நிற்கும் ஓர் இடம் எந்த வீட்டிலும் கட்டாயம் இருக்கும். தேடிப் பிடித்துவிட்டால் அப்புறம் அதுவே நிரந்தர இடம்.

அப்படி ஓர் இடம் அமையவில்லை என்றால் சிம்னி. அரிக்கேன் விளக்கில் இருந்த அதே கண்ணாடிக் கூடுதான், மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். மெழுகுவத்தியை ஒரு தட்டில் நிறுத்திச் சிம்னியை அப்படியே தட்டில் உட்கார்த்தினால் கீழிருந்து காற்று நுழையாது, சுடர் மூச்சுத் திணறிப் புகையும். சிம்னியின் அடியில் மூன்று இடங்களில் இரண்டிரண்டு நாணயங்களை அடுக்கி, அதன் மேல் சிம்னியை வையுங்கள். சூடான காற்று மேலே போகப் போக, கீழே உள்ள இடுக்கு வழியாகப் புதுக்காற்று நிதானமாக ஏறும். நாணயம் வைக்காமல் ஒரு நிமிஷம், வைத்து ஒரு நிமிஷம் என்று பார்த்தால் சுடரே வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

ஏசி ரூம்ல ஏத்தலாமா? அங்க ஃபேன் காத்து இல்லையே.

ஏசி காற்று படாத மூலையில், அரை மணி நேரம் என்றால் ஏற்றலாம். ஆனால் தினமும் மூன்று மணி நேரம் என்றால் வேண்டாம். வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருப்பதையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. வெளியே வந்த கரி வெளியேற வழியில்லை. கொஞ்சம் ஏசி ஃபில்டரில் சிக்கும், மீதி குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். ஏசிக்குக் கீழே உள்ள சுவர் சாம்பல் நிறமாவது பெரும்பாலும் இப்படித்தான். அணைத்தபின் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

ஜாடி மெழுகுவத்தி பாதி எரிஞ்சதும் கண்ணாடி மட்டும் கறுக்க ஆரம்பிக்குது. முதல்ல நல்லாத்தானே இருந்துச்சு?

ஜாடி நிறைந்திருக்கும்போது சுடர் வாய்க்கு அருகில் இருக்கும், காற்று தாராளமாகக் கிடைக்கும். மெழுகு இறங்க இறங்கச் சுடர் கிணற்றுக்குள் போய்விடுகிறது. ஒரே வாய் வழியாகத்தான் சூடான காற்று வெளியேறவும் புதுக்காற்று இறங்கவும் வேண்டும். இரண்டும் மோதிக்கொள்வதில் சுடர் ஆடும், பக்கத்துக் கண்ணாடி தட்டின் வேலையைச் செய்யும். அதனால் பாதிக்குக் கீழே போனபின் திரியை இன்னும் கொஞ்சம் குட்டையாக, 4 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கடைசிச் சொட்டு வரை எரித்தால் கரியும் வரும், சூட்டில் ஜாடி விரிசலும் விடலாம்.

வாய் குறுகலான ஜாடியை வாங்காதீர்கள். ஊறுகாய் ஜாடியில் ஊற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஏற்கெனவே கறுத்த கண்ணாடியை, ஆறியபின் உலர்ந்த செய்தித்தாளால் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

நடுவுல மட்டும் குழி விழுந்து திரி மூழ்கிடுது. அதனால திரியை நீளமாவே விட்டுடறேன். சரிதானே?

பிரச்சினை திரியில் இல்லை, முதல் நாளில் இருக்கிறது. முதன்முதலில் ஏற்றும்போது மேல்மெழுகு ஓரம் வரை முழுசாக உருகும் மட்டும் அணைக்கக் கூடாது. 7 சென்டிமீட்டர் அகல ஜாடிக்கு இரண்டரை மணி நேரமாவது ஆகும். அரை மணியில் அணைத்துவிட்டால் நடுவில் குழி விழும், அடுத்த முறையும் அந்தக் குழிக்குள்ளேயே எரியும். நீளத் திரியால் குழி சரியாகாது, கரிதான் கூடும்.

விழுந்துவிட்ட குழிக்கு வைத்தியம்: ஆறிய மெழுகை ஓரத்திலிருந்து ஸ்பூனால் சுரண்டி மட்டப்படுத்துங்கள். அலுமினிய ஃபாயிலை வாயைச் சுற்றிக் கட்டுகிற வித்தையும் வேலை செய்யும். ஆனால் அது காற்றை அடைக்கிறது என்பதால், முந்தைய பதிலில் சொன்ன கிணற்றுப் பிரச்சினை கொஞ்ச நேரத்துக்கு இன்னும் மோசமாகும்.

சோயா மெழுகும் தேன்மெழுகும் வாங்கினா கரியே வராதாமே?

கடைக்காரர்கள் சொல்வது பாதிதான் உண்மை. எந்த மெழுகிலும் பெரும்பங்கு கார்பனும் ஹைட்ரஜனும்தான், சுடர் கெட்டால் எல்லாமே கரி விடும். ஒரே மாதிரித் திரி, ஒரே மாதிரி இடம் என்றால், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வழக்கமான மெழுகான பாரஃபினைவிடச் சோயா கொஞ்சம் குறைவாக விடும். ஆனால் நீளத் திரியோடு ஃபேனடியில் எரியும் சோயாவைவிட, ஒழுங்காக வெட்டி மூலையில் வைத்த சாதாரணப் பாரஃபின் சுத்தமாக எரியும். இரண்டையும் நான் விற்கிறேன், அதனால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய தேவை எனக்கில்லை.

நம் வெயிலில் கவனிக்க வேண்டியது உருகுநிலை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும், கத்திரி வெயிலிலும் நிமிர்ந்து நிற்கும். ஜாடியில் ஊற்றும் மென்மையான சோயா மெழுகு அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மொட்டைமாடி அறையிலோ வெயிலில் நிறுத்திய காரிலோ வைத்தால் மெழுகு இளகித் திரி சாய்ந்துவிடும். சாய்ந்த திரி ஜாடியின் ஒரு பக்கத்தைச் சுட்டுக் கரி பூசும். பலர் அதை மெழுகின் குறை என்று நினைக்கிறார்கள்.

வாசனை அதிகமா இருந்தா கரியும் அதிகமா? குழந்தை கிரேயான் உருக்கி மெழுகுவத்தி செஞ்சா, அதுவும் புகையுது.

முதல் கேள்விக்கு ஆமாம். வாசனை எண்ணெய் மெழுகைப் போலச் சுத்தமாக எரியாது. 100 கிராம் மெழுகுக்கு நான் 6 கிராம்தான் சேர்ப்பேன். ஏற்றாமலே அறை முழுக்க மணக்க வேண்டும் என்று அதற்கு இரண்டு மடங்கு ஊற்றியதை வாங்கினால், அந்த மணத்துக்குச் சுவர்தான் விலை கொடுக்கும். மேல்மெழுகு எண்ணெய் வியர்த்தது போல ஈரமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கிரேயான் விஷயம் வேறு. அதிலுள்ள நிறம் கரைந்துபோகும் சாயமல்ல, நுண்ணிய பொடி. அது திரியின் இழைகளில் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் சுடர் குறையும், அப்புறம் திக்கித் திணறிப் புகையும். பள்ளிக்கு எடுத்துப் போக அழகாகச் செய்யட்டும், ஏற்ற வேண்டாம்.

திரிக்குள்ள கம்பி இருக்கு. ஆபத்தா?

ஒரு காலத்தில் ஈயக் கம்பி வைத்தார்கள். அமெரிக்கா 2003இல் அதைத் தடை செய்தது. இப்போது பெரும்பாலும் துத்தநாகம். திரியை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தால் ஏற்றாதீர்கள். கரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஃப்ரிட்ஜ்ல வச்சு ஏத்தினா கரி வராது, உப்பு போட்டா கரி வராதுன்னு சொல்றாங்களே?

இரண்டும் வேலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் வியர்க்கும், திரி நனைந்து டப் டப்பென்று வெடிக்கும். உப்பை உப்பு டப்பாவிலேயே விட்டுவிடுங்கள்.

கரண்ட் போச்சுன்னா வெளிச்சம் பத்தலைன்னு நாலஞ்சு சேர்த்து ஏத்துவோம். அப்பதான் கரி ரொம்ப வருது.

என்னுடைய சொந்தக் கதையே இதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஆதம்பாக்கத்தில் ஒற்றை படுக்கையறை வாடகை வீட்டில் இருந்தோம். நாலு நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரி காற்றுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டு, ஒரு எவர்சில்வர் தட்டில் ஆறு மெழுகுவத்திகளை நெருக்கமாக நட்டு வைத்தோம். காலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பு. கொடியில் ஈரமாகக் கிடந்த மாமனாரின் வெள்ளை வேட்டியில் மடிப்புக்கு மடிப்பு சாம்பல் கோடு. ஹால் கூரையில் தட்டுக்கு நேர் மேலே ஒரு கறுப்பு வட்டம். வீட்டைக் காலி செய்தபோது அந்த வட்டத்தைச் சொல்லியே ஓனர் அட்வான்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார். கரியைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அந்தக் கடுப்பில்தான்.

நெருக்கி வைத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றை உருக்கும். எல்லாம் வேகமாக உருகிச் சுடர்கள் நீளும், நடுவில் இருப்பதற்குக் காற்றும் கிடைக்காது. ஒன்றுக்கொன்று 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள், ஒரு ஜன்னலையாவது விரலளவு திறந்து வையுங்கள். வெளிச்சம் கூட வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் கூட்டாமல் பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். உண்மையில், வெளிச்சத்துக்கென்று இப்போது மெழுகுவத்தி தேவையே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இந்த வீட்டில் இரண்டு சார்ஜ் லைட்டோடு சமாளித்தோம். மெழுகுவத்தி விற்கும் வீட்டில் ஒரு மெழுகுவத்திகூட ஏற்றவில்லை.

ஊதி அணைச்சதும் குபுக்குனு வர்ற புகைதானே சுவரை கறுக்க வைக்குது?

இல்லை. அது வெள்ளைப் புகை. எரியாமல் போன மெழுகாவி குளிர்ந்து துளியாவதால் வருவது. 1860இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கான அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை மெழுகுவத்தியை வைத்தே நடத்தினார். அணைத்த திரியிலிருந்து எழும் அந்தப் புகையில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளித் தீயைக் காட்டினால், தீ புகை வழியாகவே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். பெரியவர்கள் செய்து காட்டினால் குழந்தைகள் வாயைப் பிளப்பார்கள்.

சுவருக்குக் கெடுதல் இல்லையென்றாலும் அந்த நாற்றம் பிடிக்காதவர்கள் ஊத வேண்டாம். கரண்டிக் காம்பால் திரியை உருகிய மெழுகில் அமுக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையே வராது, திரியும் மெழுகு பூசி அடுத்த முறைக்குத் தயாராக இருக்கும். ஒல்லியான மெழுகுவத்தியை ஊதும்போது மெழுகு தெறிக்கும். அதற்கு ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்தால் போதும்.

பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுல வாங்கின ஒல்லி மெழுகுவத்தியை வீட்டு மாடத்துல ஏத்துவோம். ஒல்லியா இருந்தும் மாடம் கறுக்குதே?

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அந்தத் திருவிழா முடிந்த கையோடு இந்தக் கேள்வி எனக்கு வந்துவிடும். ஒல்லி மெழுகுவத்தியின் திரியும் ஒல்லி, தன்னளவில் அது சுத்தமாகவே எரியும். குற்றவாளி மாடம். மேலே பலகை, மூன்று பக்கமும் சுவர். பாட்டியின் கண்மைத் தட்டை மரத்தில் செய்து சுவரில் மாட்டியது போலத்தான். சுடருக்கும் மேல்பலகைக்கும் இடையே குறைந்தது 30 சென்டிமீட்டர் வேண்டும், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. மாடத்துக்குள் சுரூபத்தை வைத்துவிட்டு, மெழுகுவத்தியை மாடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். தீப்பிடிக்கும் பயமும் குறையும்.

எங்க பூஜை ரூம் கூரை கன்னங்கரேல்னு இருக்கு. மெழுகுவத்தி ஏத்தறதில்ல, நல்லெண்ணெய் விளக்குதான். அதுவுமா?

விளக்கும் கொஞ்சம் விடும், திரி நீண்டிருந்தால். ஆனால் கன்னங்கரேல் என்றால் நான் முதலில் கேட்பது, "தினமும் கற்பூரம் காட்டுவீங்களா?" என்று. கற்பூரத்தின் மூலக்கூறில் 10 கார்பனுக்கு 16 ஹைட்ரஜன்தான். மெழுகில் ஒரு கார்பனுக்குச் சுமார் இரண்டு ஹைட்ரஜன் இருக்கும். கார்பன் விகிதம் கூடக்கூடக் கரி கூடும். ஒரு கற்பூரக் கட்டி அணைவதற்குள் விடுகிற புகையைக் கண்ணாலேயே பார்க்கலாம், மெழுகுவத்திச் சுடரில் அப்படி எதுவும் தெரியாது. ஆரத்தி எடுத்துவிட்டுத் தட்டைப் பால்கனியில் கொண்டுபோய் வைப்பதே பெரிய மாற்றம். சாம்பிராணியும் ஊதுவத்தியும் படியவைப்பது பழுப்பான பிசுபிசுப்பு. விரலில் தேய்த்தால் ஒட்டும். சுடர்க்கரி உலர்ந்து, மை போல வழுக்கிக்கொண்டு வரும்.

நான் ஏத்தினதே வருஷத்துல நாலு தடவை. புகையே தெரியலை. ஆனா சுவர்ல கோடு கோடா கறுப்பு இருக்கே?

புகை தெரியாமலும் கரி வரலாம். துகள் ஒவ்வொன்றும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது, தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. மணிக்கணக்காக மிதந்துவிட்டுக் குளிர்ந்த பரப்பிலும், டிவி திரை போல நிலைமின்னூட்டம் உள்ள பரப்பிலும் போய் ஒட்டும். ஃபேன் இறக்கையின் முன்விளிம்பு கறுப்பதும் அந்த வேகத்தில் மோதி ஒட்டுவதால்தான்.

ஆனால் நாலே தடவை என்றால் நான் வேறு இடத்தில் தேடுவேன். வீடு மெயின் ரோட்டில் இருக்கிறதா? டீசல் புகை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும். தினமும் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? மெழுகுவத்திதான் காரணமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: சுடர் நுனிக்கு 20 சென்டிமீட்டர் மேலே ஒரு வெள்ளைப் பீங்கான் சாசரை இடுக்கியால் ஒரு நிமிஷம் பிடியுங்கள். சாம்பல் புள்ளி விழுந்தால் உங்கள் சுடர் கரி விடுகிறது. சாசர் சுத்தமாக இருந்தால் மெழுகுவத்தியை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடியுங்கள். சுடரைத் தொடும்படி மட்டும் பிடிக்காதீர்கள், தொட்டால் உலகத்திலுள்ள எந்த மெழுகுவத்தியும் கறுப்புதான் காட்டும்.

சுவர்ல பிடிச்ச கரியை எப்படி எடுக்கிறது? அடுத்த மாசம் வீடு காலி பண்றோம்.

ஈரத்துணியைத் தொடாதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் தப்பு அது. உலர்ந்த கரியை ஈரமாக்கித் தேய்த்தால் பெயின்டுக்குள் இறங்கிச் சாம்பல் பட்டையாக நின்றுவிடும். முதலில் மென்மையான, உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் அழுத்தாமல் தட்டிவிடுங்கள், அல்லது வாக்யூம் கிளீனரின் பிரஷ் முனையை லேசாக ஓட்டுங்கள். அடுத்து ஓவியம் வரைகிறவர்கள் வைத்திருக்கும், பிசைந்து பயன்படுத்தும் அழிப்பான். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இந்த யோசனை பழசுதான். அமெரிக்காவில் நிலக்கரி அடுப்புக் கரியை வால்பேப்பரிலிருந்து எடுக்க விற்ற பிசைமாவுதான் 1950களில் பிளே-டோ என்ற விளையாட்டுச் சாமானாக மாறியது. அதைக் கேள்விப்பட்டு நான் சப்பாத்தி மாவால் ஒற்றிப் பார்த்தேன். கரி வந்தது. மறுநாள் எறும்பும் வந்தது.

இதற்குப் பிறகும் மிஞ்சினால்தான் தண்ணீர். எமல்ஷன் அடித்த சுவரென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து துடைத்தால் வழியும் தண்ணீர் கோடு போட்டுவிடும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் டிஸ்டெம்பர்தான், அது தண்ணீர் பட்டால் கையோடு வந்துவிடும். அங்கே உலர் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே நேரடியாக வெள்ளை அடித்து மறைக்கலாம் என்று பார்த்தால் கரி மெல்ல மேலே கசிந்துவரும். முதலில் கறை தடுக்கும் ஆயில் பிரைமர் ஒரு கோட், அப்புறம் பெயின்ட். அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், கூரை முழுக்கவே அடிக்க வேண்டியிருக்கும். ஆதம்பாக்கம் ஓனர் அட்வான்ஸில் அந்தத் தொகையைப் பிடித்தது நியாயம்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுல குழந்தைக்கு வீசிங் இருக்கு. கரி வராத மாதிரி ஏத்தினா பரவாயில்லையா?

கரி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எரிகிற எதுவும் நுண்துகளை விடும். வாசனை மெழுகுவத்தியின் மணமே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். அந்தக் குழந்தை இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள் என்று என் வாடிக்கையாளர்களிடமே சொல்கிறேன். பிறந்தநாள் கேக்கில் ஒரு நிமிஷம் எரிவது வேறு விஷயம். அதற்கு மேல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சாச்சு. திரி வெட்டியாச்சு, மூலையில வச்சாச்சு, சிம்னியும் போட்டாச்சு. இன்னும் சாசர்ல கறுப்பு விழுது. இப்ப என்ன சொல்றீங்க?

அப்போது தப்பு உங்களுடையது இல்லை, செய்தவருடையது. அந்த ஜாடிக்கு அந்தத் திரி தடிமன் அதிகம். எவ்வளவு குட்டையாக வெட்டினாலும் தடித்த திரி தேவைக்கு மேல் மெழுகை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி காளான் தலை வந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டில் அதைச் சரிசெய்ய வழி கிடையாது. மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, மெல்லிய திரி போட்டுச் சின்னச் சின்ன டீலைட் கிண்ணங்களில் ஊற்றிக்கொள்ளலாம், அல்லது திருப்பிக் கொடுக்கலாம்.

எனக்கே ஒருமுறை இப்படி ஆயிற்று. பாரிமுனையில் வழக்கமாக வாங்கும் திரி இல்லையென்று ஒரு நம்பர் பெரியதை வாங்கி நாற்பது ஜாடி ஊற்றிவிட்டேன். முதல் போன் வந்தபோது "திரியை வெட்டினீங்களா?" என்று கேட்டேன். இரண்டாவது போனிலும் அதையே கேட்டேன். மூன்றாவதாகக் கூப்பிட்டவர் சாசரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மிச்சமிருந்த ஜாடி ஒன்றை நானே ஏற்றிப் பார்த்துவிட்டு, முப்பத்தொரு ஜாடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மீதி எட்டை வாங்கியவர்கள் அதற்குள் எரித்து முடித்துவிட்டிருந்தார்கள்.